யூரியாவை விரட்டுவதும் கிணற்றை அளப்பதும் ஒரே துகள்

(மன்னார்குடியில் அறிவியல் ஆசிரியர்களும் விவசாயிகளும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

புரோட்டான் என்றதும் பள்ளிப் புத்தகத்து அணுப் படம்தான் பலருக்கும் கண்ணில் வரும். நடுவில் ஒரு குவியல், சுற்றிலும் வட்டங்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். 1919-ல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜன் வாயுவை ஆல்ஃபா துகள்களால் தாக்கியபோது வெளியே வந்தது அது. மறு ஆண்டு பெயரும் வைத்தார். எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு நிறை. வரலாறு இவ்வளவு போதும். ஹைட்ரஜன் அணுவிடம் இருக்கும் ஒரே எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் புரோட்டான்தான். மண் பரிசோதனைச் சீட்டில் பிஹெச் (அமில, காரத் தன்மையின் எண்) என்று வருவதும், எம்ஆர்ஐ அறையில் படமாக வருவதும் இந்த ஒன்றின் கணக்கு. இயற்பியல் ஆசிரியர் ஒரு வகுப்பிலும் வேளாண் அலுவலர் இன்னொரு கூட்டத்திலும் தனித்தனியாகச் சொல்வதால் இரண்டும் சேராமலே போய்விடுகின்றன.

முதலில் வயலுக்குப் போவோம். டெல்டாவில் இதற்கு வேலை அதிகம் அங்கேதான்.

பிஹெச் கணக்கை 1909-ல் கொண்டுவந்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன். ஆம், பீர் காய்ச்சும் கம்பெனியின் ஆய்வகம். எண் 7-லிருந்து 8 ஆனால் நீரில் புரோட்டான் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 9 ஆனால் நூறில் ஒரு பங்கு. "ஒரு பாயின்ட்தானே கூடியிருக்கு" என்பது பேச்சுக்குச் சரி, பயிருக்குச் சரியில்லை.

நடவு முடிந்து தண்ணீர் தேங்கிய வயலில் விடியற்காலை அளந்தால் பிஹெச் ஏழரை வாக்கில் இருக்கும். பகல் இரண்டு மணிக்கு அதே இடத்தில் 9-ஐத் தாண்டலாம். காரணம் பாசி. வெயிலில் அது ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுகிறது. கார்பானிக் அமிலம் குறைய, புரோட்டானும் குறைகிறது. இந்த நேரத்தில் யூரியாவை வீசினால் என்ன ஆகும்? யூரியா உடையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு புரோட்டான்களைத் தின்று இரண்டு அம்மோனியம் ஆகிறது. ஏற்கெனவே குறைந்திருப்பது இன்னும் குறைகிறது. அம்மோனியம் தன் புரோட்டானையும் இழந்தால் அம்மோனியா வாயு. 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் வாயுவாக இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே, 8-ல் ஏழெட்டு, 9-ல் 45 அளவுக்கு. காற்றும் அடித்தால் மூட்டைக் காசு மேலே போகிறது.

அதனால்தான் மேலுரம் போடும்போது நீரை வடித்துச் சேறளவில் வைத்து உரமிட்டு, மறுநாள் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். அம்மோனியம் சேற்றுக்குள் இறங்கிக் களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் தப்பித்தது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 2015 முதல் நமக்கு வரும் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியது. அது செய்வது, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. வாயுவாகப் போவதை அது தடுக்கும் என்று எண்ணி நட்ட நடுப்பகலில், நிறைந்த தண்ணீரில் வீசக் கூடாது.

அடுத்தது ஜிங்க். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுந்து, அடிப்பக்கம் நடு நரம்பு வெளுத்தால் துத்தநாகக் குறை. மண்ணில் ஒரு ஜிங்க் அயனி கரைந்து வெளியே வர, இரண்டு புரோட்டான் அதன் இடத்துக்குப் போக வேண்டும். பிஹெச் ஒன்று கூடினால் புரோட்டான் பத்தில் ஒன்று. இரண்டு புரோட்டான் என்பதால் பத்தைப் பத்தால் பெருக்கி, கரைந்த ஜிங்க் நூறில் ஒன்றாகிறது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவுவது இதற்காகத்தான். மணிச்சத்து உரமான டிஏபியோடு கலந்து போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும்.

ஆசிரியர்களுக்கு இப்போது. பள்ளி ஆய்வகத்து பிஹெச் மீட்டர் பல இடங்களில் பொய் சொல்கிறது. குறை கருவியில் இல்லை. கண்ணாடிக் குமிழின் மேல்பரப்பு நீரில் ஊறி மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் புரோட்டான் அதில் மாறி மாறி ஒட்டும். காயவிட்டால் படலம் போச்சு. காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பதும் தவறு, உள்ளிருக்கும் உப்பு வெளியேறிவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுதான் சரி. காய்ந்துபோன குமிழை அதிலேயே ஓரிரவு ஊறவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், மின்னூட்டம் ஏறி எண் அலையும். டிஷ்யூ தாளால் ஒற்றியெடுங்கள். 25 டிகிரியில் ஒரு பிஹெச்சுக்கு 59 மில்லிவோல்ட், 35 டிகிரியில் 61. மீட்டரின் வெப்பநிலைத் திருகைத் திருப்பாமல் விட்டால் பிழை அங்கேயே புகுந்துவிடும். டெல்டா மண்ணுக்கு மீட்டரை பிஹெச் 7, 9.2 உள்ள கரைசல்களில் சரிபார்ப்பதே பொருத்தம். 9.2 கரைசல் புட்டி திறந்தே இருந்தால் காற்றின் கார்பன் டைஆக்சைடை இழுத்து எண் இறங்கிவிடும், பழையதைக் கொட்டிவிடுங்கள். மண் 20 கிராம், நீர் 50 மில்லி, அவ்வப்போது கலக்கி அரை மணி விட்டு அளக்கவும். வயல் நீரை மட்டும் வரப்பிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து மறுநாள் ஆய்வகத்தில் பார்த்தால் அது மதியத்து நீரே இல்லை.

இனி நியூட்ரான். 1932-ல் சாட்விக் அதைக் கண்டது புரோட்டானை வைத்துத்தான்: பெரிலியத்திலிருந்து வந்த மின்னூட்டமற்ற ஏதோ ஒன்று மெழுகிலிருந்த புரோட்டான்களை உதைத்துத் தள்ளியது. இரண்டுக்கும் நிறை ஏறக்குறைய ஒன்று. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் தன் எடையுள்ள காயில் நேராக மோதினால் நின்றுவிடும், சுவரில் மோதினால் அதே வேகத்தில் திரும்பும், அதே கதைதான். வேகமான நியூட்ரான் ஓய ஹைட்ரஜனோடு 18 மோதல் போதும். கார்பனோடு 114, ஆக்ஸிஜனோடு 150.

நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டியவர்கள் பாறையின் துளைத்தன்மையை அறிவதும் இந்த வித்தையால்தான். (கிணறு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு மேடை.) நியூட்ரானை வெளிவிடும் அமெரிசியம், பெரிலியம் கலவையைக் கருவியில் வைத்துக் கேபிளில் இறக்குவார்கள். துளைகளில் நீரோ எண்ணெயோ இருந்தால் ஹைட்ரஜன் ஏராளம். நியூட்ரான் பக்கத்திலேயே ஓய்ந்துவிடும், தூரத்து உணர்கருவியில் எண்ணிக்கை குறையும். குழப்பம் இரண்டு இடத்தில் வரும். வாயுவில் ஹைட்ரஜன் நெருக்கம் குறைவு. எண்ணிக்கை கூடி, துளையே இல்லாத பாறை போலத் தெரியும். களிமண் பாறையிலோ கனிமத்தோடு பிணைந்த நீரும் கணக்கில் சேர்ந்து, இல்லாத துளையைக் காட்டும். ஆகவே பாறையின் அடர்த்தி அளவீட்டையும், அதன் இயல்பான கதிர்வீச்சைக் காட்டும் காமா அளவீட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். நியூட்ரான் கோடும் அடர்த்திக் கோடும் குறுக்கே வெட்டிக்கொண்டால், அங்கே வாயு இருக்கக்கூடும்.

மருத்துவம் சுருக்கமாக. 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ காந்தத்தில் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள புரோட்டான்கள் 63.9 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகின்றன. ஒரு பக்கம் திரும்பியவை எதிர்ப்பக்கத்தைவிடப் பத்து லட்சத்தில் ஐந்தளவே அதிகம். படம் முழுவதும் அந்த ஐந்திலிருந்துதான். காந்தம் ஸ்கேன் இல்லாத நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கும், ஆகவே "மெஷின் ஆஃப்தானே" என்று இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போகக் கூடாது.

சென்னையில் 2019 முதல் புரோட்டான் கதிர் சிகிச்சை நடக்கிறது. எக்ஸ் கதிர் உடம்பை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். புரோட்டான் தன் ஆற்றலில் பெரும் பங்கை நிற்கும் இடத்தில் கொட்டும். 150 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நீரில் சுமார் 16 சென்டிமீட்டர் போய் நிற்கும். நல்லதும் ஆபத்தும் ஒன்றே: நோயாளி மெலிந்துவிட்டால் நிற்கும் இடம் கட்டியைத் தாண்டிப் போய்விடும், திரும்ப சிடி எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

சர்க்கரை போன்ற பெட் ஸ்கேன் மருந்தில் உள்ள கதிர்வீசும் ஃபுளூரின்-18-ம், துகளை வேகப்படுத்தும் சைக்ளோட்ரானில் புரோட்டானால் ஆக்ஸிஜன்-18 நீரைத் தாக்கித்தான் பிறக்கிறது. அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 110 நிமிடம். அதைச் சென்னையிலிருந்து காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுவர ஐந்தரை மணி நேரம் பிடித்தால் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. எட்டு மடங்கு ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். வந்த பிறகும் அது காத்திருக்காது. வெறும் வயிற்றோடு சொன்ன நேரத்துக்கு வர வேண்டியவர் அரை மணி தாமதித்தால் அந்த டோஸில் 17 சதவீதம் போயிருக்கும். வழியில் காபி குடித்துவிட்டு வந்தாரானால், சர்க்கரை ஏறி மருந்து தசைக்குப் போய்விடும். அன்றைக்கு ஸ்கேனே இல்லை.