ஆறாம் தரத்து இடாப்பிலிருந்து எண்ணுவோம்

(வெள்ளவத்தையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளை ரியூசனில் விட்டுவிட்டு, காலி வீதி நெரிசலில் நின்று நின்று வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்: பொதுப் பணம் வாங்கும் எந்தப் பாடசாலையும், நடுவில் விலகிப்போன பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

விடுகைப் பத்திரத்தைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். பிள்ளை ஏன் விலகுகிறது என்று எழுத அதில் ஓரிடம் உண்டு. நான் கணிதம் படிப்பித்த காலத்தில், கொழும்பில் ஒரு பாடசாலை அலுவலகத்தில், அந்த இடத்தில் ‘பெற்றோரின் விருப்பம்’ என்று எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பெற்றோர் ஓர் ஓட்டோச் சாரதி. மகளின் தேர்ச்சி அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவருக்கு அப்படி ஒரு விருப்பமே இல்லை. பத்தாம் தரத்துப் பிள்ளை; கணிதம் வராது; சாதாரண தரப் பரீட்சையில் பாடசாலையின் பெறுபேறு குறையும்; வேறு இடம் பாருங்கள் என்று அவரை மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். நான்காம் தடவை கடிதத்தோடு வந்தார். யார் சொல்லச் சொல்ல அதை எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கணிதத்தில் 22 புள்ளி போட்டவன் நான்தான். 22ஐ 40 ஆக்குவதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

அவளுடைய வகுப்பின் பெறுபேறு வந்தபோது வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். அவள் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன மாகாணப் பாடசாலை. அங்கே பதாகை இல்லை. ‘உங்கள் பெறுபேறு ஏன் இவ்வளவு குறைவு?’ என்று அந்த அதிபரைத்தான் கல்வி வலயக் கூட்டத்தில் எழுப்பிக் கேட்டிருப்பார்கள். பிள்ளையைத் தள்ளிவிட்டவருக்கு மாலை, ஏற்றுக்கொண்டவருக்கு ஏச்சு. இது என்ன நியாயம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் தரத்தில் 120 பிள்ளைகள் சேர்கிறார்கள். சாதாரண தரம் எழுதுவது 90 பேர், சித்தி 81 பேர். பதாகையில் 90 வீதம். ஆறாம் தரத்து இடாப்பிலிருந்து, அதாவது சேர்ந்த 120 பேரிலிருந்து எண்ணினால் 67.5 வீதம். நடுவில் காணாமல் போன 30 பேரும் எங்கே? வீடு மாறியிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம். சரி, அப்படியென்றால் அதையும் எழுதட்டும். எந்தப் பாடசாலையில் சேர்ந்தார்கள், அல்லது எங்குமே சேரவில்லையா என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதட்டும். இலங்கையில் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே இது அதிபரின் தயவில் தங்கியிருக்கும் விபரமில்லை.

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? பொதுப் பணத்தில் ஒரு ரூபாய் வாங்கினாலும் அந்தப் பாடசாலையிடம் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 400 தேசிய பாடசாலைகள், நேரே கல்வி அமைச்சின் கீழ். மற்றவை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைகளின் கீழ். அப்புறம், 1960, 61இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தனித்து நின்று, இன்று ஆசிரியர் சம்பளத்தை அரசிடம் பெறும் உதவி பெறும் தனியார் பாடசாலைகள். பௌத்த விகாரைகளோடு சேர்ந்த பிரிவெனாக்களுக்கும் அரச நன்கொடை போகிறது. நிர்வாகம் நான்கு விதம். பணம் ஒரே திறைசேரியிலிருந்துதான் வருகிறது. வெள்ளவத்தைக் கடையில் பருப்பு வாங்கும்போது கொடுக்கும் வரியும் அதற்குள் இருக்கிறது.

உதவி பெறும் பாடசாலைகளுக்குத் தங்கள் மரபும் மதமும் நிர்வாகச் சுதந்திரமும் உண்டு. அதை நான் மதிக்கிறேன். காலைப் பிரார்த்தனை எது, சீருடையில் என்ன சின்னம் என்பது அவர்களுடைய விருப்பம். ஆனால் அரச சம்பளம் பெறும் ஆசிரியரின் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை ஏன் வெளியே போனது என்பதற்கு மரபு பதிலாகாது. இங்கிலாந்தில் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒவ்ஸ்டெட் 2019இல் கொண்டுவந்த பரிசோதனை முறையில், பெறுபேற்றுக்காகப் பிள்ளையை இடாப்பிலிருந்து கழற்றிவிடுவதை நிர்வாகத்தின் பெருங்குறையாகவே சேர்த்தார்கள். உள்ளூராட்சிப் பாடசாலைக்கும், அரச பணத்தில் தனியாக இயங்கும் அகடமிக்கும் அதே பரிசோதனைதான்.

ஒரு பயம் எனக்கும் உண்டு. நுவரெலியாவில் கணித ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையையும் கொழும்புத் தேசிய பாடசாலையையும் ஒரே தட்டில் வைப்பதா? வைக்கத்தான் வேண்டும், ஆனால் முழுதாக வைக்க வேண்டும். எத்தனை வருடம் அந்த வகுப்பு ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்பதும் அதே தாளில் வரட்டும். அப்போது கேள்வி அதிபரோடு நிற்காது. ஆசிரியரை அனுப்பாத வலயப் பணிமனைக்கும், மாகாணத் திணைக்களத்துக்கும், அமைச்சுக்கும் போகும். இன்றைக்குப் பொறுப்புக்கூறல் என்றால் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குப் பதில் சொல்வது என்றுதான் நடக்கிறது. மேலே இருப்பவர் அந்தத் தோட்டத்துத் தாய்க்குப் பதில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு நாம் கட்டும் பணத்துக்கும் இதே விதிதான்: வரவும் செலவும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது. பத்தாம் தரத்தில் அதே கதவால் சத்தமில்லாமல் வெளியே அனுப்புவதற்கு யாரும் சட்டம் போடவில்லை. அது பழக்கமாக வந்தது. பழக்கத்தை மாற்றலாம்.

அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமைச்சையும் திணைக்களத்தையும் மட்டுமல்லாமல், அரச நிதி முழுதாகவோ பகுதியாகவோ பெறும் தனியார் கல்வி நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம்.

மூன்று எண்கள் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஆறாம் தரத்தில் எத்தனை பேர்? அவர்களில் சாதாரண தரம் எழுதியது எத்தனை பேர்? மிச்சப் பேருக்கு விடுகைப் பத்திரத்தில் என்ன காரணம் எழுதப்பட்டது? வாசலில் உள்ள மேசையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். எழுதச் சிரமமானவர்கள் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.