நாற்றம் போனால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். இறைச்சிக்கூடமோ தோல் பதனிடும் இடமோ பக்கத்தில் இருந்தால், குடியிருப்பவர்கள் முதலில் சொல்வது நாற்றத்தைத்தான். நியாயமான புகார். ஆனால் உள்ளாட்சியும் நாற்றத்தோடு நின்றுவிட்டால், நோய் பின்வாசல் வழியாகப் போய்விடும்.

இரத்தம் காய்ச்சுவது, எலும்பு வேகவைப்பது, கொழுப்பு உருக்குவது, சோப்புக் காய்ச்சுவது போன்ற தொழில்களை நகரத்தில் புதிதாகத் தொடங்க உள்ளாட்சியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றது இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்ற எண்ணம் அப்போது இன்னும் மறையவில்லை. அடுத்த ஆண்டே, கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கு ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காட்டினார். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். மூக்குக்கு அது தெரியவே தெரியாது.

அதனால்தான் கண்ணும் கத்தியும் வேண்டும். அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் ஆட்டையோ மாட்டையோ நிற்க வைத்து, நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். அறுத்த பிறகு நுரையீரலைத் தடவி, ஈரலை அழுத்தி, நிணநீர் முடிச்சுகளைக் கீறிப் பார்க்க வேண்டும். மாட்டின் தாடைச் சதையைக் கீறுவது நாடாப்புழுவின் கட்டிகளைத் தேடித்தான்.

இனி அந்த ஈரலைப் பார்ப்போம். அதில் ஒருவகை நாடாப்புழுவின் இளம்புழுக்கள் அடங்கிய நீர்க்கட்டி இருக்கிறது, விற்க முடியாது. சரி, ஒதுக்கியாயிற்று. அப்புறம் அது எங்கே போகிறது? வெளியே காத்திருக்கும் நாய்க்குப் போனால், நாயின் குடலில் புழு வளரும், முட்டைகள் அதன் மலத்தோடு மண்ணுக்கு வரும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் ஈரலில் சில ஆண்டுகள் கழித்து அதே கட்டி. நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். இந்த நோய்க்குப் போதாது. இறைச்சியே தொடாதவருக்கும் வரும். ஒதுக்கிய உறுப்பைச் சாயம் ஊற்றிப் பூட்டி வைப்பதும், எரிப்பதும், நாய் நுழையாத சுற்றுச்சுவரும் இதற்காகத்தான்.

அங்கே வேலை செய்பவர்களை மறக்கக் கூடாது. கையில் உள்ள சின்ன வெட்டு வழியாகவே, கால்நடையிடமிருந்து மனிதருக்குத் தொற்றிக் காய்ச்சல் தரும் புருசெல்லா கிருமி ஏறிவிடும். கையுறையும், கத்தியை முக்கி எடுக்க 82 டிகிரி வெந்நீரும் உரிமத்தின் நிபந்தனையாகவே இருக்க வேண்டும்.

உரிமத் தாள் சுவரில் தொங்குவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விடியுமுன் அறுப்பு முடிந்துவிடும் இடத்துக்குப் பத்து மணிக்கு மேல் வரும் ஆய்வாளர் கழுவிய தரையைத்தான் பார்ப்பார். உங்கள் உள்ளாட்சியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அறுக்கும் நேரத்தில் யார் நிற்கிறார்? ஒதுக்கியது எங்கே போகிறது, அதற்குப் பதிவேடு இருக்கிறதா?

நன்றி, வணக்கம்.