பூட் கேம்ப் சேர்ந்தால் டேட்டா சயின்ஸ் வேலை கிடைக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

போன காணொளிக்கு ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "சில வருடங்களாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 12 வாரத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஆக்கிவிடுகிறோம் என்று ஒரு பூட் கேம்ப்பில் சொல்கிறார்கள். சேரலாமா? முடித்த பிறகு எனக்கு என்ன தெரிந்திருக்கும்?" சேரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என்ன தெரிந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கடைசி வரிக்காகவே இன்றைக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் நேரடியான பதில். பூட் கேம்ப் என்ற குறுகிய காலத் தீவிரப் பயிற்சி வீண் இல்லை. தரவை அலசப் பயன்படும் பைத்தான் மொழி, அதன் பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் கருவிகள், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க உதவும் எஸ்க்யூஎல், இதில் எதை முதலில் படிப்பது என்ற குழப்பம் தீரும். தினமும் உட்கார வைப்பார்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இருக்கும். தானாகப் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய விஷயம். ஆனால் சான்றிதழ் கையில் இருந்தால் வேலை வந்துவிடும் என்று நம்பிச் சேராதீர்கள்.

விளம்பரத்தில் ஒரு வேலைவாய்ப்பு சதவீதம் போட்டிருப்பார்கள். அது எத்தனை பேரில் என்று கேளுங்கள். சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, முடித்துவிட்டு வேலை தேடியவர்களில் மட்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எண் வரும். லாம்ப்டா ஸ்கூல் என்று தொடங்கி ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் மேல் 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அவர்களுடைய உள் கணக்கில் அது 50-ஐ ஒட்டித்தான் இருந்தது, சில சமயம் 30 வரை இறங்கியும் இருந்தது. டேட்டா சயின்ஸ் படிக்கப் போகிறவர் முதலில் ஆராய வேண்டிய எண் இதுதான் என்பேன்.

சரி, என்ன தெரிந்திருக்கும்? இதற்கு மறுபடியும் டைட்டானிக் பயணிகள் தரவுக்குத்தான் போகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும், முன்பு கேபின் எண்களைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு வயது.

டேட்டா சயின்ஸ் போட்டிகள் நடத்தும் காகிள் தளத்தில் கிடைக்கும் பயிற்சிக் கோப்பில் 891 பயணிகள் இருக்கிறார்கள். அதில் 177 பேருக்கு வயது காலி. பெரும்பாலான வகுப்புகளில் என்ன செய்யச் சொல்வார்கள்? மீடியனை, அதாவது வயதுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, போட்டு நிரப்பு, ஒரு வரி கோட், அடுத்து யார் பிழைப்பார் என்று கணிக்கும் மாடல். நேர்காணலுக்கு வருபவர்கள் இந்த ப்ராஜெக்டைக் கொண்டுவந்தால் நான் ஒன்றுதான் கேட்பேன்: அந்த 177 பேர் யார்? "மீடியன் போட்டேன் சார்" என்பார்கள். நான் கேட்டது அது இல்லையே.

ஒருமுறை ஒரு பெண் வந்திருந்தார். முன்பு மருத்துவமனையில் பதிவேடு பார்த்தவர். அவருடைய மாடல் சுமார்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், எழுதியவர் மறந்திருக்கலாம், இல்லை பதில் சொல்ல ஆளே இல்லாமல் போயிருக்கலாம். அதனால் அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன்" என்றார். பிரித்தால் என்ன தெரிகிறது? வயது தெரிந்த 714 பேரில் 290 பேர் பிழைத்தார்கள், ஏறக்குறைய 41 சதவீதம். வயது தெரியாத 177 பேரில் 52 பேர், 29 சதவீதம்தான். அப்படியானால் செத்துப்போனவர்களிடம் வயது கேட்க முடியாது, அதனால்தான் காலி என்று தோன்றும், இல்லையா? நிறையப் பேர் இங்கே நின்றுவிடுவார்கள்.

அவர் நிற்கவில்லை. அந்த 177 பேரில் 136 பேர் மூன்றாம் வகுப்புப் பயணிகள். மூன்றாம் வகுப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். வயது தெரிந்த 355 பேரில் 85 பேர் பிழைத்தார்கள், 24 சதவீதம். வயது தெரியாத 136 பேரில் 34 பேர், 25 சதவீதம். வித்தியாசமே காணோம்! முதல் வகுப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆனால் அங்கே வயது தெரியாதவர்கள் 30 பேர்தான், அதை வைத்து அழுத்திச் சொல்ல முடியாது. ஆக, நாம் வயதின் கதை என்று நினைத்தது பெரும்பாலும் டிக்கெட்டின் கதை. அவரை எடுத்துக்கொண்டோம். இப்போது குழுவில் புதிதாக ஒரு அட்டவணை வந்தால் முதலில் அவரிடம்தான் போகும்.

இதற்கு நியூரல் நெட்வொர்க் மாதிரி சிக்கலான மாடல் எதுவும் தேவைப்படவில்லை. எஸ்க்யூஎல்லில் தரவைக் குழுக்களாகப் பிரிக்கும் ஒரு குரூப் பை கட்டளை போதும். பிரிக்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். 12 வாரத்தில் பிரிக்கும் கட்டளையைக் கற்றுக்கொடுத்துவிடலாம். எதைப் பிரிக்க வேண்டும் என்ற சந்தேகம் தரவோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினால்தான் வரும்.

அதனால் என்னிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: என் பழைய வேலையில் எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு ஒரு கூட்டுத்தொகை இடித்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியும். ஒரே பில் இரண்டு முறை பதிவானால் கண்ணில் படும். இதை எந்த வகுப்பிலும் விலைக்கு வாங்க முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் எஸ்க்யூஎல் மட்டும் படியுங்கள், இலவசமாகவே நல்ல பாடங்கள் இருக்கின்றன. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பெயர்களை நீக்கிவிட்டு, உங்களுக்குப் பழக்கமான தரவில் ஒரு கேள்விக்காவது விடை தேடுங்கள். அந்த மாதமே அலுத்துப்போனால் 12 வாரத்துக்குக் கட்டும் பணம் மிச்சம்.

பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். முதல் வேலை டேட்டா அனலிஸ்ட் என்ற பெயரில் வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பலரும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். சேருவதற்கு முன்னால் அவர்களிடம் இதையும் கேட்டுவிடுங்கள்: கடைசி ப்ராஜெக்டை என் சொந்தத் தரவில் செய்ய விடுவீர்களா? முடியாது, எல்லோரும் நாங்கள் கொடுக்கும் கோப்பில்தான் செய்ய வேண்டும் என்றால், வேறு இடம் பாருங்கள்.