எதிராளி கொண்டுவந்த வெப்பமானி

நேயர்களுக்கு வணக்கம். அணுக்கரு இணைவு பற்றி, அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். உலை கட்டுவதைப் பற்றி நிறையப் பேர் பேசியாயிற்று. உலைக்குள் இருக்கும் பிளாஸ்மாவை, அதாவது எலெக்ட்ரான்கள் அணுக்களை விட்டுப் பிரியும் அளவுக்குச் சூடான வாயுவை, எப்படி அளக்கிறார்கள் என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். கட்டுவதைவிட அளப்பதுதான் பெரிய பாடு என்பது என் கட்சி.

1968 ஆகஸ்டில் சோவியத் யூனியனின் நோவோசிபிர்ஸ்க் நகரில் ஒரு மாநாடு. மாஸ்கோ குர்ச்சாத்தோவ் நிறுவனத்தின் லெவ் அர்ட்சிமோவிச், பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்துவைக்கும் தங்கள் டி-3 டோக்கமாக் கருவியில் எலெக்ட்ரான்களின் வெப்பம் சுமார் ஒரு கோடி டிகிரியை எட்டிவிட்டது என்றார். மேற்கத்திய விஞ்ஞானிகள் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1958 ஜனவரியில் பிரிட்டன் தன் ஸீட்டா கருவியில் இணைவு நடந்துவிட்டதாக உலகெங்கும் முழங்கியது. சில மாதங்களிலேயே, அதில் வந்த நியூட்ரான்கள் வெப்பத்தால் வந்தவை அல்ல என்று தெரிந்து வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. சூடு கண்டவர்கள், சந்தேகப்படத்தானே செய்வார்கள்?

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரஷ்யர்கள் பிளாஸ்மாவைச் சுற்றிக் கம்பிச்சுருள் மாட்டி, காந்தப்புலம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து கிடைப்பது பிளாஸ்மாவின் மொத்த ஆற்றல்தான். கட்டுக்கடங்காமல் பாயும் கொஞ்சம் எலெக்ட்ரான்களிடமே அந்த ஆற்றல் குவிந்திருந்து, மற்றவை ஆறிப்போய்க் கிடந்தால்? கம்பிச்சுருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அர்ட்சிமோவிச் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்தை நடத்திய பீஸிடம், நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்றார். பனிப்போர்க் காலம் அது. அந்த ஆகஸ்டிலேயே சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. அப்படியும் 1969இல் பீக்காக், ராபின்சன், ஃபாரஸ்ட், வில்காக் ஆகியோர் சுமார் 5 டன் கருவிகளோடு மாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் கொண்டுபோன வெப்பமானி, ஒரு ரூபி லேசர். அதன் சிவப்பு ஒளிக்கு ஒரே அலைநீளம், 694 நானோமீட்டர். அதைப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் அதில் துளியூண்டைச் சிதறடிக்கும். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹார்ன் சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் கட்டையாகவும் கேட்கிறதல்லவா? அதேபோல் நம் பக்கம் வரும் எலெக்ட்ரான் ஒளியை நீலத்தின் பக்கம் தள்ளும், விலகிப் போவது சிவப்பின் பக்கம் இழுக்கும். ஒற்றை நிறம் அகலமாக விரியும். எவ்வளவு விரிகிறதோ, அவ்வளவு சூடு. எவ்வளவு ஒளி வருகிறது என்பதிலிருந்து எலெக்ட்ரான் அடர்த்தியும் கிடைத்துவிடும். குறிப்பிட்ட ஒரு புள்ளியில் அளக்க முடியும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

சொல்வதற்குச் சுலபம். சிதறி வரும் ஒளி, பாய்ச்சியதில் கோடி கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. போதாக்குறைக்குப் பிளாஸ்மாவே பளபளவென்று ஒளிர்கிறது. கலத்தின் சுவரில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி வேறு வந்து கலக்கும். அதனால் லேசரின் ஆற்றல் முழுவதையும் சில பத்து நானோநொடிக்குள் அடக்கி, அந்தக் கணத்தில் வருவதை மட்டும் பதிவு செய்ய வேண்டும்.

முடிவுகள் 1969 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தன. சுமார் 10 லட்சம் டிகிரியிலிருந்து ஒரு கோடி டிகிரி வரை. ரஷ்யர்கள் சொன்னது சரிதான். அதற்கு முன்பே செய்தி கசிந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகம் தன்னிடமிருந்த ஸ்டெல்லரேட்டர் என்ற வேறு வகைக் காந்தக் கருவியையே 1970இல் டோக்கமாக்காக மாற்றியமைத்தது. நம் காந்திநகரில் 1989இல் ஆதித்யா டோக்கமாக் ஓடத் தொடங்கியதும் இந்த வரிசையில்தான். என் பார்வையில் டோக்கமாக்கை உலகம் ஏற்றுக்கொள்ள வைத்தது டி-3 என்ற கருவி மட்டுமல்ல. போட்டியாளர்களின் கையிலேயே அளவுகோலைக் கொடுத்த அந்தத் துணிச்சலும்தான்.

இன்றும் எலெக்ட்ரான் வெப்பத்தை அளக்க இந்த முறையைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் இந்தியாவும் பங்காளியாக இருந்து பிரான்சில் எழும்பிவரும் ஐட்டர் என்ற பன்னாட்டு டோக்கமாக்கில் புதுத் தலைவலி. அங்கே இலக்கு சுமார் 15 கோடி டிகிரி. பாய்ந்து வரும் நியூட்ரான்கள் சாதாரணக் கண்ணாடிச் சன்னலைக் கருக்கிவிடும். எனவே ஒளியை உலோக ஆடிகளால் வளைத்து வளைத்து வெளியே கொண்டுவர வேண்டும். பிளாஸ்மாவுக்கு நேர் எதிரே நிற்கும் முதல் ஆடியில், உலையின் சுவரிலிருந்து அரித்து வரும் பொருள் படலமாகப் படியும். உள்ளே ஆள் போய்த் துடைக்க முடியாது. அதனால் அந்த ஆடியின் முன்னாலேயே ரேடியோ அலையால் ஒரு குட்டிப் பிளாஸ்மாவை மூட்டி, படிந்ததைச் சுரண்டி எடுக்கும் ஏற்பாட்டை உருவாக்கி வருகிறார்கள்.