மொட்டைமாடிக் கதவைத் திறந்து வையுங்கள்

(திருவல்லிக்கேணிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, ஓயாத மக்கள் பணிக்கிடையே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, தோட்டக்கலைத் துறை உதவி இயக்குநர் அவர்களே, மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்த அறங்காவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் மண்புழு உரம் பற்றி அருமையாகப் பேசிய பேராசிரியருக்குத் தனி நன்றி.

மாடித்தோட்டத்துக்கு வேண்டிய மண், இடம் என்று இரண்டைப் பற்றிப் பேச வந்தேன். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்றார்கள் முன்னோர். 1835இலேயே தோட்டக்கலைச் சங்கம் கண்ட சென்னையில், செடிக்கு இன்று மிஞ்சியிருப்பவை சன்னல் விளிம்பும் மாடியும்தான்.

முதலில் மண். நனைந்த மண் ஒரு கன அடிக்கு 50 கிலோவை ஒட்டிக் கனக்கும். அதனால் செடிப் பைகளில் வெறும் செம்மண்ணை நிரப்பாதீர்கள். தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் பாரம் வெகுவாகக் குறையும். பைகளைச் சுவரோரமாக வையுங்கள். அடுத்தது இடம்.

இந்தப் பகுதியில் வாடகைக்கு இருக்கும் ஓர் அம்மையார், தயிர் வாளியிலும் அரிசிச் சாக்கிலும் மாடியில் கீரை வளர்த்தார். "தளம் ஒழுகும், எடுத்துவிடுங்கள் அம்மா" என்றார் வீட்டுக்காரர். மாடிக்குப் பூட்டும் போட்டுவிட்டார். அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. வாளிகளைப் படிக்கட்டு ஓரம் அடுக்கினார். பசலைக்கொடி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, வீட்டுக்காரர் வாசலையே எட்டிவிட்டது! அங்கே அவருடைய வயதான தாயார். ஊரில் கொல்லையும் கிணறுமாக வாழ்ந்தவர். காலையில் நாலு இலை கிள்ளுவார், கொடியை நீவிக்கொடுப்பார். ஒருநாள் பசலைக் கூட்டு. மகன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எந்தக் கடைக் கீரை அம்மா?" என்றார். "நீ பூட்டுப் போட்டாயே, அந்தக் கீரைதானப்பா" என்றார் தாயார். மறுநாளே பூட்டு திறந்தது. வாளிக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்க வேண்டும், தளத்தில் நீர் தேங்கக் கூடாது என்ற இரண்டே நிபந்தனைகள். நியாயமான நிபந்தனைகள்!

சிறுகக் கட்டிப் பெருக வாழ நாம் ஆயத்தம். கதவு பூட்டியிருந்தால் எங்கே வாழ்வது? 2013-14இலேயே அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை, அதாவது விதையும் பையும் அடங்கிய தொகுப்புகளை, மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. விதையும் பையும் கிடைத்தாலும் வாடகைக்காரர் அவற்றை வைக்க இடம் வேண்டாமா? 2016இல் வர்தா புயல் சாய்த்த மரங்களின் நிழல் இன்னும் பல தெருக்களுக்குத் திரும்பவில்லை. இந்த வெயிலில் மொட்டைமாடியைப் பூட்டி வைப்பது அநியாயம் என்பேன்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, தீர்மான நகல் உங்கள் மேசையில் இருக்கிறது. வாடகைக்காரர் ஒவ்வொருவருக்கும் மாடியில் நான்கடிக்கு நான்கடி இடம் என்பதே அதன் முதல் வரி. நீங்கள் முதல் கையெழுத்திட வேண்டுகிறேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர்களும் கையெழுத்திட்ட பிறகே புறப்படுங்கள். வாசலில் பிள்ளைகள் பேனாவும் கீரை விதைப் பொட்டலமுமாக நிற்கிறார்கள்.