வாவிச் சேற்று ஊரிக்கு இனப்பெயர் காண்பது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு வாவியை அண்டிய எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கிணறோ மலசலகூடக் குழியோ தோண்டும்போது, சில இடங்களில் கறுப்புச் சேற்றுக்குள் வெள்ளையாய் ஊரி (நத்தை ஓடு) வெளிப்படும். அவற்றுள் நீண்டு கூம்பிய, மூன்று சென்ரிமீற்றரைச் சுற்றி வளரும் ஒரு சிறு ஊரி உண்டு. பைரெனெல்லா சிங்குலாட்டா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஜேர்மன் இயற்கையியலாளர் கிமெலின் 1791இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். பழைய நூல்களில் இது செரிதிடியா என்ற சாதிக்குள் (சாதி என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) இருக்கும். பெயரைச் சொல்வது இலகு; கையில் இருப்பது அதுதானா என்று நிறுவுவதே கடினம், ஏனென்றால் இந்த நத்தை ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருப்பதில்லை.

முதலில் வயதைப் பற்றி ஒரு சொல். நமது மாவட்டத்தின் அடிப்பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்த மிகப் பழைய உருமாறிய பாறை. அதில் ஊரி இராது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் உள்ள, பல மில்லியன் ஆண்டுகள் பழைய மயோசீன் காலச் சிப்பிகளோடு நமது சேற்று ஊரியை ஒப்பிடக்கூடாது. நம்முடையவை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட உயர்ந்து நின்றது. அக்காலத்திலும் அதன் பின்னரும் வாவிகளில் படிந்த சேற்றில்தான் இவை கிடைக்கின்றன. கண்டிப்பாகப் பேசுவோர் இவற்றை முழுமையான உயிர்ச்சுவடு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இனம் காணும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

ஏன் இவ்வளவு மாறுகிறது? மாரியில் ஆற்று நீர் இறங்க வாவி நன்னீராகிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்மேடு வெட்டுப்பட்டதும் கடல்நீர் ஏறுகிறது. கோடையில் உப்பு கூடுகிறது. உப்பும் உணவும் மாற ஓட்டின் வளர்ச்சியும் மாறும். போதாததற்கு, ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்கள் இந்தக் குடும்பத்து நத்தைகளை மலடாக்கும். சில இனங்களில் பருமனையும் மாற்றிவிடும். ஆகவே பருமன், நிறம், மேடுகளின் தடிப்பு ஆகிய மூன்றையும் கொண்டு இனம் பிரிக்க முற்படாதீர்கள். கறுப்புப் பட்டைகளின் எண்ணிக்கையும் அடர்த்தியும் ஒரே கூட்டத்துக்குள்ளேயே வேறுபடும்.

நம்பத்தக்கவை வேறு. ஓட்டை நுனி மேலாக, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். மேற்சுற்றுகளில் ஓட்டைச் சுற்றி ஓடும் மூன்று வரிகளை நெடுக்கு மேடுகள் வெட்ட, மணிகள் உண்டாகியிருக்கும். முதிர்ந்த ஓட்டில் வெளியுதடு தடித்து விரிந்திருக்கும். கடைசிச் சுற்றில், வாய்க்கு எதிர்ப்பக்கமாக, ஒரு தடித்த புடைப்பு இருக்கும். உதடு விரியாதது குஞ்சு. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். குழப்பம் தரக்கூடிய அயல் நத்தைகள் இரண்டு. டெலஸ்கோப்பியத்தின் பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் இருக்கும், மணிகள் இல்லை. டெரப்ரேலியா வளர்ந்தால் பத்துச் சென்ரிமீற்றரையும் தாண்டும். ஆனால் அதன் குஞ்சு நமது ஊரியின் அளவில்தான் இருக்கும். பிழை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. டெரப்ரேலியாவில் புடைப்புகள் பல சுற்றுகளிலும் சிதறியிருப்பதைப் பார்த்துப் பிரிக்கலாம்.

இனிச் சேகரிப்பு. கிணற்று மேட்டில் கொட்டிய மண்ணிலிருந்து பொறுக்கிய ஊரி அலங்காரத்துக்குத்தான் உதவும். குழியின் சுவரைத் துப்புரவாக்கி, எந்த ஆழத்தில் எந்தப் படை என்று குறித்து, ஒரு படைக்கு ஐந்து லீற்றர் சேறு எடுங்கள். மண்சுவர் சரியக்கூடிய குழிக்குள் இறங்காதீர்கள். வாளியில் ஏற்றி எடுத்தால் போதும். ஊரியோடு கரி, எலும்பு, மட்பாண்ட ஓடு கலந்து வந்தால் அது மனிதர் தின்று கொட்டிய மேடாக இருக்கலாம். அங்கே வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

சேற்றை ஒரு இரவு நன்னீரில் ஊறவைத்து, 2 மில்லிமீற்றர் அரிதட்டின் கீழ் அரை மில்லிமீற்றர் அரிதட்டை வைத்துக் கழுவுங்கள். குஞ்சுகளும் உடைந்த நுனிகளும் கீழ்த்தட்டில் தங்கும், அவற்றை எறிந்துவிடாதீர்கள். தேசிக்காய்ச் சாறு, வினாகிரி எதையும் ஓட்டில் படவிடாதீர்கள். ஓடு கல்சியம் காபனேற்று. அமிலம் முதலில் கரைப்பது நாம் பார்க்கவேண்டிய நுண்வரிகளைத்தான். உப்பு வெளியேற மூன்று நான்கு நாள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் ஓடு வெடித்துப் பொருக்குவிடும்.

ஒரு படையிலிருந்து குறைந்தது முப்பது முதிர்ந்த ஓடுகள் வேண்டும். அழகானவற்றை மட்டும் தெரிந்தெடுத்தால் மாறல் (ஓட்டுக்கு ஓடு உள்ள வேறுபாடு) முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும். கையில் வருவதை வரும் ஒழுங்கிலேயே எடுங்கள். இந்த நத்தைக்கு நுனி உடைந்திருப்பது வழமை, ஆகவே மொத்த உயரம் ஏமாற்றும். கடைசி மூன்று சுற்றுகளின் உயரம், கடைசிச் சுற்றின் அகலம், வாயின் உயரம் ஆகியவற்றை வேணியர் இடுக்கிமானியால் 0.1 மில்லிமீற்றர் நுணுக்கத்துக்கு அளவிடுங்கள். கடைசிக்கு முந்திய சுற்றில் நெடுக்கு மேடுகளை எண்ணுங்கள். பிறகு வரைபுத்தாளில் ஓர் அளவை ஓர் அச்சிலும் இன்னோர் அளவை மற்ற அச்சிலும் வைத்து, ஓட்டுக்கு ஒரு புள்ளி இடுங்கள். புள்ளிகள் ஒரே திரளாய் நின்றால், இரு முனைகளிலும் நிற்கும் ஓடுகள் எவ்வளவு வேறாய்த் தோன்றினாலும் அது ஓரினமாகவே இருக்கக்கூடும். இரு திரளாய்ப் பிரிந்தாலும் உடனே புதுப் பெயர் தேடவேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இயல்புகளிலாவது, இடைநிலை வடிவமே இல்லாமல் அவை பிரிகின்றனவா என்று பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்துச் சென்ரிமீற்றர் தடித்த படையில் பல நூற்றாண்டுகளின் ஓடுகள் கலந்திருக்கலாம். அதில் காணும் மாறல் உயிருள்ள ஒரு கூட்டத்தின் மாறலைவிட அகலமாய்த் தோன்றும். துறவி நண்டும் செத்த ஓட்டைத் தொலைவுக்குக் காவும். தரையில் இழுபட்டு ஒரு பக்கம் தட்டையாய்த் தேய்ந்த ஓடுகளைத் தனியே வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடக்குவதும் பிழையே. நத்தை ஆய்வாளர்களான டேவிட் றீட், டொமோவோ ஒசாவா இருவரும் 2016இல் இந்தச் சாதியை மரபணுவோடு சேர்த்துத் திருத்தி எழுதினார்கள். அதுவரை சிங்குலாட்டா என்று எழுதப்பட்டுவந்த ஜப்பானிய நத்தைகளும் பாரசீக வளைகுடா நத்தைகளும் வேறு இனங்கள் என்று அப்போதுதான் தெளிவாயிற்று. நமது பழைய ஓட்டில் மரபணுவை எதிர்பார்க்க முடியாது. எனவே அயலில் உயிரோடிருக்கும் கூட்டத்தையும் இதே முறையில் அளந்து பக்கத்தில் வைப்பதுதான் வழி. இயல்புகள் நெருங்கியும் ஐயம் இருந்தால் சாதிப் பெயருக்கும் இனப் பெயருக்கும் இடையே சி.எஃப். என்று எழுதுங்கள். “இதோடு ஒப்பிடுக” என்பது அதன் பொருள். அது பலவீனமல்ல, அடுத்து ஆய்பவருக்கு நேர்மையாகச் சொல்லும் செய்தி.

ஓடுகளை மரப்பெட்டியிலோ காட்போட் பெட்டியிலோ வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் அமில ஆவி நமது ஈரக் காற்றோடு சேர்ந்து ஓட்டின்மேல் வெள்ளை மாவாய்ப் பூத்து அரித்துவிடும். பிளாஸ்டிக் பெட்டி போதும். ஒவ்வொரு பையிலும் இடம், திகதி, ஆழம், படை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி இடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். கழுவாத சேற்றில் ஒரு கைப்பிடியைத் தனிப் பையில் சேர்த்து வையுங்கள். வயதுக் கணிப்புச் செய்ய ஒருவர் வரும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வணக்கம்.