ஒரு தீவு, ஒரு ரிசார்ட்: கொரோனா காலத்து மாலத்தீவு

அவையோருக்கு வணக்கம்.

கொரோனா வந்தது, சுற்றுலா படுத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். 2019இல் எல்லை தாண்டிப் பயணம் செய்தவர்கள் சுமார் 146 கோடி. 2020இல் ஏறத்தாழ 40 கோடி. ஆனால் எல்லா நாடும் ஒரே மாதிரி எழுந்திருக்கவில்லை. 2021 கணக்கை மட்டும் பாருங்கள். முன்பு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4 கோடிப் பேரை வரவேற்ற தாய்லாந்துக்கு அந்த ஆண்டு வந்தவர்கள் நாலேகால் லட்சம்தான். 2019இல் 17 லட்சம் பேரைப் பார்த்த மாலத்தீவுக்கோ 13 லட்சத்துக்கு மேல்!

கடல் அழகுதான் காரணம் என்று சொல்லாதீர்கள். தாய்லாந்தின் புக்கெட் தீவிலும் கடல் இருக்கிறது. காரணம் அமைப்பு. மாலத்தீவில் ஒரு ரிசார்ட் என்றால் ஒரு முழுத் தீவு. விமான நிலையமும் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் தனித் தீவில்தான். இறங்கியவர் ஸ்பீட்போட்டிலோ கடல் விமானத்திலோ நேரே ரிசார்ட்டுக்குப் போய்விடுவார், ஊருக்குள் கால் வைக்கவே வேண்டாம். மற்ற நாடுகள் பயணியை ஓட்டல் அறைக்குள் பூட்டிவைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, இவர்களுக்குத் தீவே வேலியாக இருந்தது.

2020 மார்ச் 27இல் விசா நிறுத்தம், ஜூலை 15இல் மறுபடி திறப்பு. அன்றைய விதிகள் இவை: கட்டாயத் தனிமைப்படுத்தல் கிடையாது. தங்கும் நாள் முழுவதையும் ஒரே இடத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் சுகாதாரப் படிவம் நிரப்ப வேண்டும். செப்டம்பர் 10 முதல் பிசிஆர் நெகட்டிவ் சான்றும் வேண்டும். முதலில் 72 மணி நேரக் கெடு வைத்தார்கள், பிறகு 96 ஆக்கினார்கள். அதுதான் நடைமுறை அறிவு. லேப் முடிவு வர ஒரு நாள், இரண்டு விமானம் மாற இன்னொரு நாள் என்றால் 72 மணி நேரம் எங்கே போதும்? ஒரே இட விதியிலும் ஒரு சிக்கல். கடல் விமானம் இருட்டிய பின் பறக்காது. மாலையில் தாமதமாக இறங்கியவர் அந்த ஓர் இரவை எங்கே கழிப்பது? அதற்காக இடைத்தங்கலுக்கு விலக்குத் தர வேண்டியிருந்தது.

இதில் அடிவாங்கியவர்கள் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்தவர்கள். மக்கள் வாழும் தீவில் விடுதி நடத்துபவருக்கு வேலி ஏது? ரிசார்ட் திறந்து மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 15இல்தான் அவர்களுக்கு அனுமதி. 2021 ஏப்ரல் 27இல் இந்தியப் பயணிகள் அந்தத் தீவுகளில் தங்கக் கூடாது என்றார்கள். மே 13 முதல் தெற்காசியர்களுக்கு நாட்டின் கதவையே சாத்தினார்கள். சிக்கன இந்தியக் குடும்பங்களை நம்பியிருந்த சிறு முதலாளிக்கு இரட்டை அடி. நோயைத் தடுக்க அது நியாயமான முடிவாக இருக்கலாம். நஷ்டம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதுதான் என் வாதம்.

தாய்லாந்து என்ன செய்தது? 2021 ஜூலை 1இல் 'புக்கெட் சாண்ட்பாக்ஸ்' என்று புக்கெட் தீவை மட்டும் பயணிகளுக்குத் திறக்கும் திட்டம். இரண்டு தடுப்பூசி, ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு, முன்அனுமதிச் சான்று, மூன்று பிசிஆர் சோதனை, 14 இரவு தீவை விட்டு நகரக் கூடாது. இத்தனை தாளையும் சேர்ப்பதற்குள் பாதிப் பேருக்கு ஆசையே போய்விடும். 14ஐ 7 ஆகக் குறைக்க அக்டோபர் ஆகிவிட்டது. நவம்பரில் விதியை இன்னும் தளர்த்தினார்கள். ஒமைக்ரான் வந்ததும் டிசம்பரில் அந்தத் தளர்வை நிறுத்தினார்கள். வாடிக்கையாளன் கடுமையான விதியைக்கூடப் பொறுத்துக்கொள்வான், டிக்கெட் வாங்கிய பிறகு மாறும் விதியைப் பொறுக்கமாட்டான்.

வருகிறவர்களும் மாறினார்கள். 2019இல் மாலத்தீவின் முதல் சந்தை சீனா. சீனா தன் மக்களை வெளியே விடாத நிலையில் 2020லும் 2021லும் அந்த இடத்துக்கு இந்தியா வந்தது, ரஷ்யா அடுத்து. 2023 ஜனவரி 8இல் சீனா எல்லையைத் திறந்தது. 2024இல் முதலிடம் மறுபடி சீனாவுக்கே. அதே ஆண்டு இந்தியர் வரவு சரிந்ததே என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் வைரஸ் அல்ல, அரசியல். அதை இன்னொரு மேடையில் பேசுவோம். நன்றி.